கைவைத்தியமும் கையும்

தமிழில் ஒருவரை இழிவுபடுத்த ‘சொறிநாய்’ என்ற ஒரு சொல் போதும். நோயை, அதைச் சுமக்கும் உயிரின் குற்றமாகவே நம் மொழி பதிந்துகொண்டுவிட்டது. மாணிக்கவாசகர் தம்மை நாயாகத் தாழ்த்திக்கொள்ளும் இடங்களை வகுப்பறையில் நெகிழ்ந்து விளக்குகிறோம். வீடு திரும்பும் வழியில் முடியுதிர்ந்த நாயொன்று எதிர்ப்பட்டால் தெருவின் மறுபக்கம் ஒதுங்குகிறோம். பைரவரின் ஊர்தி எது என்று காஞ்சிபுரத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சென்ற மழைக்காலத்தில், பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடொன்றின் திண்ணையோரம் கிடக்கும் நாட்டு நாய்க்குச் சொறி கண்டது. யாரோ இரக்கப்பட்டு, வண்டிப் பட்டறையில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை அதன் முதுகில் ஊற்றிவிட்டார்கள். இரண்டு நாள் அதை நக்கிக்கொண்டே இருந்த நாய், பிறகு சோற்றைத் தொடவில்லை. “காலங்காலமா நம்ம ஊரு வைத்தியந்தானே சார்” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் சொன்னதுதான் நம்மை இதை எழுத வைத்தது.

மோட்டார் வண்டிக்குப் பிறகு வந்த பழக்கம் காலங்காலமான வைத்தியம் ஆகாது. கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசுவது பழைய முறை. கந்தகம் சேர்ந்த மருந்துக் குளியலைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் பரிந்துரைப்பதுண்டு. கழிவு எண்ணெயில் இருப்பதோ உலோகத் துகளும் பெட்ரோலியக் கசடும். தோல் வழியாகவும் நாக்கு வழியாகவும் உள்ளே சென்று ஈரலையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

நல்ல கைவைத்தியம் நம்மிடம் இல்லாமலில்லை. இரண்டு கைப்பிடி வேப்பிலையைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய நீரால் நாயின் உடலை அலசி, ஈரம் போகத் துடைத்துவிட்டால் அரிப்பு தணியும். வறண்டு வெடித்த தோலுக்குத் தேங்காயெண்ணெயை மெல்லியதாகத் தடவலாம். வேப்பெண்ணெயைத் தனியாகப் பூசினால் எரியும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தேங்காயெண்ணெய் கலக்க வேண்டும். மஞ்சளும் நல்லதுதான், ஆனால் தறியில் பட்டு ஏறியிருக்கும் வீட்டில் மஞ்சள் பூசிய நாயை உள்ளே விட எந்த நெசவாளரும் துணியமாட்டார்.

நமக்கு நல்லதெல்லாம் நாய்க்கு நல்லதல்ல. கற்பூரம் கரைத்த எண்ணெய் நாய்க்கு நஞ்சு; நக்கினால் வலிப்பு வரலாம். சோற்றுக் கற்றாழையின் சோறு குளிர்ச்சிதான், ஆனால் தோலை ஒட்டிய மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கும். நாம் தேய்க்கும் சோப்பும் ஷாம்பூவும் அதன் தோலை வறட்டி அரிப்பைக் கூட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அரிப்பு எதனால் என்று பார்க்க வேண்டும். வாலடியில் முடி கொட்டினால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. வட்ட வட்டமாக உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். காது விளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கித் தோல் தடித்தால் சொறிப்பூச்சியை ஐயுற வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத அப்பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. வேப்பிலைத் தண்ணீர் அவ்வளவு ஆழம் போகாது. அங்கே மருத்துவரின் மருந்துதான் வேண்டும். அந்த மருந்தும் எடையறிந்து அளவாகத் தர வேண்டியது. தொடுபவருக்கும் சில நாள் அரிக்கலாம். கையுறை போட்டுக்கொண்டால் போயிற்று.

1903இல் சைதாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய மாநிலம் இது. அந்தக் கல்லூரி இன்று வேப்பேரியில் இயங்குகிறது. படிப்பும் மூலிகையறிவும் நம்மிடம் இருந்தும், தெருநாய்க்கு வாய்ப்பதென்னவோ கழிவு எண்ணெய்தான். காரணம் அறியாமை மட்டுமன்று என்பது நம் எண்ணம். எட்ட நின்று ஊற்ற முடிகிற ஒரே ‘மருந்து’ அது. வேப்பிலைத் தண்ணீருக்கு நாயின் அருகில் உட்கார வேண்டும், காதை மடக்கிப் பார்க்க வேண்டும், துடைத்துவிட வேண்டும். கைவைத்தியம் என்ற சொல்லிலேயே கை இருக்கிறது.

அந்தப் பெரியவரும் நாமும் கோணிப்பையில் நாயைச் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். எண்ணெயைக் கழுவி, ஊசி போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். இப்போது முதுகில் செம்பழுப்பாக முடி முளைத்திருக்கிறது. தெருப் பிள்ளைகள் அதற்கு மணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொறிநாய் என்று இப்போது யாரும் அதை அழைப்பதில்லை.