மேடையும் செவியும்

கவிதையைப் பொதுவில் வாசிப்பது குறித்து நம் சிற்றிதழ் வட்டாரத்தில் ஒரு மெல்லிய ஏளனம் நெடுங்காலமாக உண்டு. கவியரங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பதே இலக்கியத் தகுதியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டதும் உண்டு. அந்த ஏளனத்தில் நியாயம் இல்லாமலில்லை. தலைமைக் கவிஞருக்குப் பத்து நிமிடப் புகழ்மாலை, அழைப்பிதழில் பெயர் அச்சானவர்களுக்கு மட்டும் வாய்ப்பு, கைதட்டலை எதிர்நோக்கி இருமுறை சொல்லப்படும் சிலேடை, முடிவில் பொன்னாடை. கண்ணதாசனும் கலைஞர் கருணாநிதியும் தலைமையேற்ற அரங்குகளில் கூட்டம் அலைமோதியது வரலாறு. ஆயினும் அந்த வடிவம் பிற்காலத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரிய சடங்காகச் சுருங்கிப்போனது.

1959இல் ‘எழுத்து’ தொடங்கியபோது தமிழ்க் கவிதை செவியிலிருந்து கண்ணுக்கு இடம்பெயர்ந்தது எனலாம். யாப்பின் ஓசையைத் துறந்த வரிகள் தாளின் வெற்றிடத்தை நம்பி நின்றன. தனியறையில், மௌனமாக, ஒருவர் மட்டும் படிப்பதற்கான கவிதை அது. 1971இல் கோவையில் தோன்றிய ‘வானம்பாடி’ மீண்டும் உரத்த குரலைக் கொண்டுவந்தபோது, அந்த உரப்பே அதன் குறையாகச் சுட்டப்பட்டது. இந்த வழக்கின் இரு தரப்பையும் வாசகர்கள் நன்கறிவர். மீண்டும் விசாரிக்க வேண்டியதில்லை.

இப்போது வேறொரு வடிவம் வந்து சேர்ந்திருக்கிறது. ‘ஓப்பன் மைக்’ என்று இளைஞர்கள் அழைக்கும் திறந்த ஒலிவாங்கி மாலைகள். 1986இல் சிகாகோ நகரின் கிரீன் மில் மதுவிடுதியில் மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி ‘ஸ்லாம்’ என்னும் கவிதைப் போட்டியை வாரந்தோறும் நடத்தத் தொடங்கினார், பார்வையாளர்களே நடுவர்கள். பல்கலைக்கழகத்தின் பிடியிலிருந்து கவிதையை மீட்பதே அதன் நோக்கம். அந்த அலை பல நாடுகளைச் சுற்றிக்கொண்டு சென்னை, பெங்களூரு காப்பிக் கடைகளுக்கும் வந்தது. முன்பின் அறியாத ஒருவர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு, ஐந்து நிமிடம் பேசிவிட்டு இறங்கலாம்.

கடலூரிலும் சிதம்பரத்திலுமாக வசிக்கும் நாங்கள் சிலர், இத்தகைய மாலைகளுக்காகச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் சென்று வந்திருக்கிறோம். அவற்றின் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் தன் உடலைப் பற்றியோ, தன் வீட்டுச் சாதியைப் பற்றியோ எவருடைய சிபாரிசும் இன்றிப் பேச முடிகிறது. கவியரங்கம் தன் வாழ்நாளில் இதை எத்தனை முறை அனுமதித்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.

குறை இரண்டு. முதலாவது, மேடை திறந்திருக்கிறது, மொழி திறந்திருக்கவில்லை. ஆங்கிலத்திலோ, ஆங்கிலத்தின் மூச்சில் எழுதப்பட்ட ஒருவகைப் பொதுத்தமிழிலோதான் பெரும்பாலானவர்கள் வாசிக்கிறார்கள். நடுநாட்டுப் பேச்சில் எழுதிக்கொண்டு செல்பவர், கவிதைக்கு முன்பு ஒரு விளக்கமும் அதற்கு முன்பு ஒரு மன்னிப்பும் சொல்லித் தொடங்குகிறார். ‘சனங்களின் கதை’ மூலம் 1988இல் த. பழமலய் இந்த வட்டாரப் பேச்சைப் புதுக்கவிதைக்குள் தலைநிமிர்ந்து நடக்க வைத்தார். விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையின் கண்மணி குணசேகரன் கவிதையும் நாவலும் எழுதியதோடு நில்லாமல், நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். அவர்களுக்குப் பின் வந்த தலைமுறை, தன் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேடையேறுவதைக் காண எங்களுக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது குறை, செவி பற்றியது. அதற்கு வருமுன், மேடை என்பது இந்த இரண்டு ஊர்களிலும் எத்தகைய பொருள் என்பதைச் சற்று நினைவுகூர வேண்டும்.

சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியது தில்லையின் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. பாட்டு என்பது சபை முன் வைக்கப்பட்டு ஏற்கப்பட வேண்டிய ஒன்று என்ற எண்ணம் அத்தனை பழையது. ஆனால் அந்தச் சபையில் யார் பாடலாம்? 1867இல் திருவருட்பா அச்சேறியபின், வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா, தேவாரம் ஒலிக்கும் இடத்தில் அவற்றைப் பாடலாமா என்று எழுந்த சச்சரவு, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. வழக்குத் தொடுத்தவர் ஆறுமுக நாவலர். மானநட்ட வழக்கு என்பது அதன் சட்டப் பெயர். எந்தக் குரலுக்கு எந்த இடம் என்பதே அதன் உட்பொருள் என்று நாங்கள் கருதுகிறோம்.

அதே காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் ஊர் ஊராகக் கதாகாலட்சேபமாகப் பாடப்பட்டது. சிதம்பரத்துக்குள் நுழைய முடியாதவனின் பாட்டு, சிதம்பரத்துக்கு வெளியே எல்லா ஊர்களிலும் கேட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்கதை முடிந்தபாடில்லை. நடராசர் கோயிலின் திருச்சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட வேண்டும் என்று சிவனடியார் ஆறுமுகசாமி ஆண்டுக்கணக்கில் போராடினார். 2008 பிப்ரவரி இறுதியில் அரசாணை பிறந்தது. மார்ச் 2 அன்று காவலர் துணையோடு அவர் மேடையேறிப் பாடினார். முதிய ஒருவர் சில நிமிடங்கள் தமிழ்ப் பாட்டுப் பாட, அரசாணையும் காவல்துறையும் தேவைப்பட்டன. கனகசபையில் ஏறி வழிபடுவது குறித்து 2022இல் மீண்டும் ஓர் அரசாணை வந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

பக்தியும் வழிபாட்டுரிமையும் வேறு, இலக்கிய மாலை வேறு என்பதை நாங்கள் அறிவோம். இரண்டையும் சமப்படுத்துவது எங்கள் நோக்கமல்ல. ஆனால் ஒரு மேடையின் முதற்கேள்வி ‘என்ன பாடப்படுகிறது’ என்பதல்ல, ‘யார் ஏறலாம்’ என்பதே என்று இம்மண் அளவுக்கு அடிபட்டுக் கற்ற இடம் வேறு அதிகம் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் கவிதைக்கு எல்லோரும் ஏறக்கூடிய ஒரு மேடை இல்லை என்பது முரண். நாட்டியத்துக்கு 1981 முதல் நாட்டியாஞ்சலி உண்டு. எங்கெங்கிருந்தோ வந்து முறைவைத்து ஆடுகிறார்கள். தமிழிசைக்காகக் குரல் எழுப்பிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கவிதையை வாசித்துக் காட்ட இங்குள்ள மாணவர் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறார்.

இனி, செவிக்கு வருவோம். ஓப்பன் மைக் மாலைகளில் கவிதை ஒரே ஒருமுறை ஒலித்துக் கடந்துவிடுகிறது. அடுத்தவர் காத்திருக்கிறார். கேட்பவர் தன் முறைக்காகக் கைப்பேசியில் தன் கவிதையைத் திருத்திக்கொண்டிருக்கிறார். விளைவு என்ன? ஒரே கேட்பில் தைக்கும் கவிதை மட்டுமே பிழைக்கிறது. கோபம் பிழைக்கிறது, வாக்குமூலம் பிழைக்கிறது, இறுதிவரித் திருப்பம் பிழைக்கிறது. மெல்லத் திறக்கும் கவிதை இறந்துவிடுகிறது. கவியரங்கத்தின் சிலேடையைப் பழித்த நாம், அதன் இடத்தில் வேறொரு உடனடிச் சரக்கை வைத்திருக்கிறோம். அங்கே கைதட்டல், இங்கே விரல் சொடுக்கு.

வாய்மொழி மரபுகள் இந்தச் சிக்கலை முன்பே அறிந்திருந்தன. உருது முஷாயிராவில் நல்ல வரி வந்ததும் ‘முகர்ரர்’, அதாவது ‘மறுபடி’ என்று சபை கேட்கும். கவியரங்கத்தில் வரியை இருமுறை சொல்லும் வழக்கமும், கைதட்டலுக்கான உத்தியாகச் சீரழியும் முன், செவிக்கு வழங்கப்பட்ட சலுகையே. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் பாடகர் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர் ஏந்தித் திரும்பப் பாடுகிறார். எழுத்தறியாத முதியவர்கள் விடிய விடிய அமர்ந்து விருத்தங்களைக் கேட்டு உள்வாங்கியது இவ்வாறுதான். நல்ல கேட்பு என்பது தற்செயலன்று. அதற்கென்று ஏற்பாடுகள் இருந்தன.

‘நவீன கவிதை மௌன வாசிப்புக்கு உரியது, அதை ஏன் சந்தைக்கு இழுக்கிறீர்கள்’ என்று நண்பர்கள் கேட்கலாம். அந்த மௌனத்தை நாங்களும் மதிக்கிறோம். ஆனால் முந்நூறு பிரதி அச்சாகி நூறு விற்கும் தொகுப்பில் காக்கப்படும் மௌனம், பல வேளைகளில் வாசகரின்மையின் மறுபெயராகிவிடுகிறது. மேலும், உரத்து வாசிக்கையில் கவிதையின் பொய் முதலில் அதை எழுதியவர் காதிலேயே விழுகிறது. தாளில் ஒளிந்துகொள்ளும் தேவையற்ற சொல், குரலில் ஒளிய முடிவதில்லை. 1980களில் யாழ்ப்பாணத்தில் நிகழ்த்தப்பட்ட கவிதா நிகழ்வுகள், உரைநடைச் சாயல் கொண்ட நவீன கவிதையும் பல குரல்களில் ஒரு சபையைக் கட்டி நிறுத்தும் என்று காட்டின.

ஆகவே எங்கள் முன்மொழிவு எளியது. மாதம் ஒரு மாலை, ஒரு மாதம் கடலூரில், மறுமாதம் சிதம்பரத்தில். இரண்டுக்கும் இடையே பேருந்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலுக்கு வாடகை கிடையாது. சிதம்பரத்தில் நான்கு வீதிகளில் ஒரு மாடி அறை கிடைக்காமல் போகாது. தலைமை இல்லை, வரவேற்புரை இல்லை, பொன்னாடை இல்லை. வந்தவர் வந்த வரிசையில் பெயர் எழுதுவார். ஒரு மாலைக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு கவிதையை இருமுறை வாசிக்க வேண்டும். முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் இடையில் எவரும் பேசக்கூடாது, தட்டக்கூடாது. எந்த ஊர்ப் பேச்சுக்கும் முன்விளக்கம் தேவையில்லை. புரியாத சொல்லைக் கேட்பவரே பின்னர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வாசிக்க வந்தவர் மற்ற ஏழு பேரையும் கேட்டுவிட்டே எழ வேண்டும்.

இவற்றுள் கடைசி விதியைக் காப்பதுதான் கடினம் என்று எங்களுக்குத் தெரியும். மேடையைத் திறந்துவிட அரசாணை போதும். செவியைத் திறக்க அப்படி ஓர் ஆணை எங்கும் கிடையாது. அதை நாமேதான் பழக வேண்டும்.