பக்கத்துக் கட்டில் யாரு சார்?

ஆபீஸில் ஐந்து நாள் ட்ரெயினிங் என்று ஹைதராபாத் அனுப்புகிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இறங்கியதுமே தமிழ் பேசுகிற நாலு பேரைத் தேடிப் பிடிக்கிறீர்கள். மெஸ்ஸில் அவர்களோடு ஒரே மேஜை. சாயங்காலம் சார்மினார், இரானி டீ, உஸ்மானியா பிஸ்கட். ராத்திரி போனும் கையுமாகக் கிடக்கிறீர்கள். பக்கத்துக் கட்டில் ஒடிசாக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் ஊர் திரும்புகிறீர்கள். கேட்டால், ‘பாஷை தெரியாது சார்!’

சும்மா சொல்லாதீங்க. கடைசி நாள் குரூப் போட்டோவில் அவர் தோளில் கை போட மட்டும் பாஷை தேவைப்படவில்லையே?

2020-ல் மத்திய அரசு ‘மிஷன் கர்மயோகி’க்கு ஒப்புதல் தந்தது. இன்று அரசு ஊழியர்கள் இருந்த இடத்திலேயே ஆன்லைனில் படிக்கிறார்கள். செலவு மிச்சம், நல்லதுதான். பாடமே வீடு தேடி வரும்போது ஊர் விட்டு ஊர் போவது எதற்கு? ஆளுக்காகத்தானே! நாளைக்கு வேலையில் ஒரு சிக்கல் என்றால், ‘உங்க ஆபீஸ்ல இதை எப்படி சமாளிச்சீங்க?’ என்று கேட்க ஒரு நம்பர் வேண்டாமா?

அடுத்த முறை, முதல் நாளே சாப்பாட்டுத் தட்டோடு தெரியாதவர் மேஜையில் போய் உட்காருங்கள். அரைகுறை இந்தி போதும். இல்லாவிட்டால், ‘இதுக்கு எதுக்கு டிக்கெட்? செல்போன்லயே படிச்சுக்கங்க’ என்று மேலிடம் சொல்லும். எதிர்த்துப் பேச நமக்கு யோக்கியதை இருக்காது.