கோழிக்கும் சொட்டு மருந்தா? ஹாஃப் பாயில் பிரியர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்

ஹாஃப் பாயில் இல்லாமல் உங்களுக்கு டிபன் இறங்காதா? அப்படின்னா, கோழியின் குடலுக்குள் நடக்கும் ஒரு சண்டை உங்களுக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

பிரச்னை என்ன?

சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்பது கோழியின் குடலில் தங்கும் ஒரு பாக்டீரியா. கோழியிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. நல்லா தீனி எடுக்கும், முட்டையும் போடும். ஆனால் கிருமி குடலில் இருந்து சினைப்பைக்குப் போய்விட்டால், ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். அதன்பிறகு ஓட்டை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. அந்த முட்டையைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம்.

ஊசி இல்லாத தடுப்பூசி

போலியோ சொட்டு மருந்து ஞாபகம் இருக்கா? அதே ஐடியாதான். வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள சால்மோனெல்லாவை குடிதண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள். குஞ்சு பொரித்த முதல் நாளில் தொடங்கி, முட்டையிடும் பருவத்துக்கு முன்புவரை பொதுவாக 3 தவணை. கிருமி நுழையும் வழி குடல் என்பதால், எதிர்ப்பு சக்தியும் அங்கேயே உருவாகிறது. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடும் வேலையும் மிச்சம்.

பலன் கிடைச்சுதா?

பிரிட்டனைப் பாருங்க. 1988 டிசம்பரில் 'நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மோனெல்லா இருக்கிறது' என்றார் அப்போதைய இணை அமைச்சர் எட்வினா கரி. முட்டை விற்பனை சரிந்தது. இரண்டே வாரத்தில் அவர் பதவியும் போனது. 1998-ல் வந்த 'பிரிட்டிஷ் லயன்' முத்திரைக்கு கோழிகளுக்குத் தடுப்பூசி கட்டாயமானது. முதலில் ஊசியாகவும், பிறகு தண்ணீர் வழியாகவும் போடப்பட்டது. எலி கட்டுப்பாடு, பண்ணை சுத்தம், பரிசோதனையும் சேர்ந்துகொள்ள, நோய் பெருமளவு குறைந்தது. 2017-ல் லயன் முத்திரை முட்டையை கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பே அறிவித்தது.

ஆன்டிபயாடிக் போதாதா?

அங்கேதான் சிக்கல். கண்டபடி ஆன்டிபயாடிக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகி மனிதர்களுக்கும் பரவலாம். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக இருக்கும் கோலிஸ்டின் மருந்தை, இந்தியாவில் கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை விதித்ததும் இதனால்தான். நாமக்கல் போன்ற முட்டை மண்டலங்களுக்கு, 'வந்த பின் மருந்து' என்பதைவிட 'வருமுன் காப்பு' முக்கியமாவது இப்படித்தான்.

இன்னொரு விஷயம்: இந்தத் தடுப்பு மருந்தே உயிருள்ள பாக்டீரியா. கொடுக்கும் நாட்களில் ஆன்டிபயாடிக் போட்டால் மருந்தும் செத்துவிடும். தண்ணீரில் உள்ள குளோரினும் அதைக் கொல்லும். அதனால்தான் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலந்து குளோரினை முறிக்கிறார்கள்.

சரி, ஹாஃப் பாயில்?

தடுப்பூசி கிருமியின் அளவைக் குறைக்கும், முழுசா ஒழிக்காது. எல்லா வகை சால்மோனெல்லாவையும் தடுக்கவும் செய்யாது. கோழியின் குடலில் இருக்கும் இன்னொரு கிருமியான கேம்பைலோபாக்டரைத் தடுக்கவும் இது உதவாது. லயன் போல பண்ணையில் தொடங்கி கடைவரை கண்காணிக்கும் முத்திரை நம்ம கடை முட்டையில் இல்லாதவரை, கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்கு மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்த முட்டைதான் பாதுகாப்பு.