சின்னச் சின்ன சுகம்: சாமைச் சோறு, காரக் கிழங்கு, விடிய விடியக் கூத்து

இந்த வாரம் கள்ளக்குறிச்சிப் பக்கம் போகலாம் மக்களே! ஊர்ப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் 2024 ஜூன் மாதம்தான் ஞாபகம் வரும். கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த மாதம். அதை மறக்கவும் கூடாது; இந்த ஊர் என்றாலே அது மட்டும்தான் என்று ஆகிவிடவும் கூடாது. அதனால், கையைக் கடிக்காத நாலு சுகங்களை இங்கே சொல்கிறேன். நாலும் நான் ரசித்து அனுபவித்தவை.

1. சாமைச் சோறு

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பழைய சாப்பாடு இது. வானம் பார்த்த சரிவு நிலத்திலும் விளையும். செய்வது சுலபம். ஒரு டம்ளர் சாமையை அலசி 20 நிமிடம் ஊறவையுங்கள். இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் சாமையைப் போட்டு, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். தண்ணீர் வற்றியதும் இறக்கி, 10 நிமிடம் திறக்காமல் விட்டால் பொலபொலவென்று இருக்கும். மொச்சைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டாம் கரண்டிக்குத் தட்டு தானாக நீளும்.

வாங்கும்போது பளிச்சென்ற வெள்ளையைத் தேடாதீர்கள். லேசான பழுப்பு நிறம் என்றால் தவிடு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்குவதே நல்லது.

2. மரவள்ளிக் கிழங்கு

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் மரவள்ளிக் காடுதான். இதில் பெரும்பகுதி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். நமக்கு ரெண்டு கிழங்கு போதும். மேல்தோலோடு உள்பட்டையையும் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் உப்பும் மஞ்சளும் சேர்த்து மூடாமல் வேகவையுங்கள். வெந்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயற்கையாகவே இருக்கும் நச்சு அதோடு போய்விடும். பச்சையாகத் தின்னவே கூடாது. காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், உப்பு வைத்து நசுக்கிய சட்னியைத் தொட்டுக்கொண்டால், மழை நாளில் வேறு எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயம். இந்த ரெண்டு சுகமும் ஒரே நிலத்துக்குப் போட்டி போடுகிறவை. கொல்லிமலையில் சிறுதானிய விவசாயிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்த கதை இதுதான்: கையில் காசு தரும் மரவள்ளி வந்தது, சாமை போட்ட நிலம் சுருங்கியது. உரலில் குத்தித் தோல் நீக்கும் பாடு பெண்கள் தலையில் விழுந்ததும் ஒரு காரணம். ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்துவிட்டது. மலையில் சாமை நிலைக்குமா என்பதை இனி நம் வீட்டு அடுப்புதான் முடிவு செய்யும். மாதம் ஒரு கிலோ சாமை, முடிந்தால் மலை விவசாயிகளிடமே நேரடியாக. பேரம் வேண்டாமே!

3. வெள்ளிமலைச் சாலை

கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் அடிவாரத்தில் கோமுகி அணை, மேலே போகப் போகக் காற்றே மாறிவிடும். வழியிலேயே பெரியார் நீர்வீழ்ச்சி. மழை ஓய்ந்த கையோடு போனால் தண்ணீர் இருக்கும். கோடையில் வெறும் பாறைதான். காட்டுக்குள் நடந்து போக வேண்டிய அருவிகளுக்கு உள்ளூர் ஆள் துணை இல்லாமல் போக வேண்டாம். செல்ஃபிக்காக வழுக்குப் பாறையில் ஏறுவது வேண்டவே வேண்டாம். கொண்டுபோகும் பிளாஸ்டிக் பாட்டில் உங்களோடே கீழே இறங்கட்டும்.

4. விடிய விடியத் தெருக்கூத்து

திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா நடக்கும் ஊர் கிடைத்தால் விடாதீர்கள். உளுந்தூர்பேட்டை அருகே கூவாகத்தில் சித்திரைத் திருவிழா நடப்பதும் பாரதத்தில் வரும் அரவானுக்காகத்தான். ராத்திரி தொடங்கும் கூத்து விடியும்வரை போகும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு வேஷக்காரர் சுழலும்போது தூக்கம் எங்கே வரும்? குழந்தைகளைக் கட்டியங்காரன் பார்த்துக்கொள்வார்.

போகுமுன் ஒரு வீட்டுப்பாடம்: பி.ஆர்.பந்துலு இயக்கி சிவாஜி நடித்த ‘கர்ணன்’ (1964) படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். 2012-ல் டிஜிட்டலில் மெருகேற்றி வந்தபோதும் தியேட்டர்கள் நிறைந்த படம். பிறகு ‘கர்ண மோட்சம்’ கூத்தைப் பாருங்கள். கதை ஒன்றுதான், அனுபவம் வேறு. தாத்தாவுக்கும் பேரனுக்கும் காலை டீ வரை பேச விஷயம் இருக்கும்.

போர்வை, தண்ணீர் பாட்டிலோடு சட்டைப்பையில் நூறு ரூபாயும் இருக்கட்டும். நடுராத்திரியில் கூத்துக்காரருக்கு அன்பளிப்பு கொடுத்தால், உங்கள் பெயரையும் ஊரையும் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொல்வார்கள். அந்தச் சுகத்தையும் ஒருதரம் அனுபவித்துவிடுங்கள்!