காரில் கழியும் 41 நாள்!

"அவருக்கு என்ன குறை? காரில் போகிறார், காரில் வருகிறார்!"

பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நிற்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் தப்பு இல்லை. வெளியே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். கண்ணாடி ஏற்றி இருக்கிறது. உள்ளே குளிர்ந்த காற்று வீசுகிறது. பாட்டு கேட்கிறது. மெத்தை போட்ட ஆசனம். வேறு என்ன வேண்டும்?

ஆனால், அந்தக் காருக்குள் தினமும் 4 மணி நேரம் உட்கார்ந்து இருக்கிறாரே, அவரைக் கேட்க வேண்டும். "இறக்கி விட்டால் போதும்!" என்பார்.

ஊருக்கு எப்போதாவது காரில் போவது வேறு. பிள்ளைகளோடு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். வழியில் இறங்கி டீ குடிக்கலாம். மரத்தடியில் காலை நீட்டலாம். வேலைக்காகத் தினமும் நெடுந்தூரம் கார் ஓட்டுவது வேறு. அது சவாரி அல்ல. அதுவும் ஒரு வேலை. சம்பளம் இல்லாத வேலை!

வில்லிவாக்கம் முதல் சிறுசேரி வரை

சென்னை வில்லிவாக்கத்தில் குடி இருக்கும் ஒருவரை எடுத்துக் கொள்ளுங்கள். அவருக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலை 7 மணிக்குக் காரை எடுக்கிறார். கோயம்பேடு, வடபழனி, கிண்டி என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று போகிறார். மத்திய கைலாஷ் வந்ததும், "அப்பாடா!" என்று சொல்ல முடியாது. அங்கிருந்து சிறுசேரிக்கு இன்னும் 20 கிலோ மீட்டர் இருக்கிறது.

மொத்த தூரம் 35 கிலோ மீட்டருக்கு மேல். நெரிசல் நேரத்தில் 2 மணி நேரம் ஆகிவிடுகிறது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் ஓடக்கூடிய கார், ஏறத்தாழ சைக்கிள் வேகத்தில் போகிறது!

தரமணியில் டைடல் பார்க் கட்டிடம் 2000-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் பிறகு தெற்கே வரிசையாக அலுவலகங்கள் எழுந்தன. பழைய மாமல்லபுரம் சாலை 6 வழிப் பாதையாக அகலமாக்கப்பட்டு, 2008-ம் ஆண்டு திறக்கப்பட்டது. "ராஜீவ் காந்தி சாலை" என்ற பெயரும் பெற்றது. சாலை அகலம் ஆயிற்று. கார்கள் அதைவிட வேகமாகப் பெருகிவிட்டன.

"அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் என்ன?" என்று கேட்கலாம். சொல்வது சுலபம். அவருடைய வயதான தாய் தந்தை அந்தத் தெருவை விட்டு வரமாட்டார்கள். மனைவிக்கு அம்பத்தூரில் வேலை. குழந்தைக்கு அடுத்த தெருவில் பள்ளிக்கூடம். ஒருவர் வேலைக்காக 5 பேரை வேரோடு பிடுங்க முடியுமா?

உடம்பு படும் பாடு

காரில் போகிறவருக்கு முதலில் மக்கர் செய்வது முதுகு.

முதுகெலும்பில், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. இந்தத் தட்டுகளுக்கு நேராக ரத்தம் பாய்வது இல்லை. உடம்பு அசையும்போது சுற்றிலும் இருந்து ஊறி வரும் சத்துதான் அவற்றுக்கு உணவு. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அந்த உணவு சரியாகப் போய்ச் சேராது. அதோடு, ரோட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் முதுகைத் தட்டிப் பார்க்கிறது!

அடுத்தது, கால். கியர் வண்டியில் இடது காலுக்கு ஓய்வே கிடையாது. வண்டி 10 அடி நகரும், நிற்கும். மறுபடி 10 அடி நகரும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் கிளட்சை மிதிக்க வேண்டும். இரவு படுத்தால் முழங்கால் வலிக்கிறது. கெண்டைக்கால் சதை, நடக்கும்போது காலில் உள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அதனால் அதை "இரண்டாவது இதயம்" என்று டாக்டர்கள் சொல்வது உண்டு. காரில் நடை ஏது? மாலையில் பாதம் வீங்கி, செருப்பு இறுக்கிப் பிடிக்கிறது.

வெளியே சொல்ல வெட்கப்படும் துன்பம் ஒன்றும் உண்டு. சிறுநீரை அடக்குவதுதான் அது. நெரிசலில் நடு ரோட்டில் காரை விட்டு இறங்க முடியுமா? இதற்குப் பயந்து, பலர் காலையில் தண்ணீரே குடிப்பது இல்லை. பெண்கள் பாடு இன்னும் மோசம். சென்னை வெயிலில் தண்ணீரையும் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் என்ன ஆகும்? நீர்க்கடுப்பு வரும். சிறுநீரகத்தில் கல் உண்டாகவும் இடம் கொடுக்கும்.

குளிர்ந்த காற்றிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றினால், மூச்சில் வெளியேறும் கரியமில வாயு காருக்குள் சேர்ந்துவிடும். கொட்டாவி வரும். கண் சொக்கும். ஓட்டுகிறவர் கண் சொக்கினால்? சொல்ல வேண்டியது இல்லை!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

போக 2 மணி, வர 2 மணி. ஒரு நாளைக்கு 4 மணி நேரம். ஆண்டுக்கு 250 நாள் வேலை என்று வைத்துக் கொண்டால், 1,000 மணி நேரம்! இரவு பகல் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், 41 நாளுக்கு மேல்!

41 நாள் விரதம் இருந்தால் சபரிமலைக்குப் போகலாம். 41 நாள் காரில் இருந்தால்? மறுபடி அதே ரோட்டுக்குத்தான் போகலாம்!

இப்படியே 30 ஆண்டு வேலை பார்த்தால், வாழ்நாளில் 3 ஆண்டுக்கு மேல் ரோட்டிலேயே போய்விடும்.

இந்த வெறுப்பு சென்னைக்கு மட்டும் உரியது அல்ல. டேனியல் கானேமன் என்ற அறிஞர், பொருளாதாரத்துக்கு 2002-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். அவரும் அவருடைய தோழர்களும், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் 909 பெண்களிடம் ஒரு விசாரணை நடத்தினார்கள். "நேற்று எந்தெந்த நேரத்தில், எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். 2004-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான் மகிழ்ச்சி மிகக் குறைந்த நேரமாக இருந்தது. சமையல், வீட்டு வேலை எல்லாம்கூட அதைவிடத் தேவலை!

கோபம் யார் மீது?

முதுகுவலிக்குத் தைலம் தடவலாம். மனதில் ஏறும் எரிச்சலுக்கு எதைத் தடவுவது?

இரவு 9 மணிக்கு அவர் வீடு திரும்புகிறார். குழந்தை தூங்காமல் காத்து இருக்கிறது. வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறது.

"அப்பா, இதைப் பாருங்கள்!"

"உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக என்ன தொந்தரவு? போ!"

குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

"ஏங்க, அவள் என்ன தப்பு செய்தாள்? அதற்காகத்தானே இவ்வளவு நேரம் முழித்து இருந்தாள்?" என்று மனைவி கேட்கிறாள்.

அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குழந்தை ஒரு தப்பும் செய்யவில்லை. பெருங்குடியில் குறுக்கே வந்த லாரி மீது வந்த கோபம் அது. துரைப்பாக்கத்தில் இடித்துக்கொண்டு போன மோட்டார் சைக்கிள் மீது வந்த கோபம். அவர்கள் போய்விட்டார்கள். அகப்பட்டது குழந்தை!

வழி இருக்கிறது

இதற்கெல்லாம் காரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. "வேலை 9 மணிக்குத் தொடங்குகிறது" என்று நினைப்பதுதான் தப்பு. ஊழியருக்கு வேலை காலை 7 மணிக்கே தொடங்கிவிடுகிறது. முதலாளிக்கு அது கண்ணில் படுவது இல்லை. ஏனென்றால், அந்த 4 மணி நேரத்துக்கு விலை கொடுப்பது குடும்பம்!

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காக ஊரடங்கு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் வீட்டில் இருந்தே வேலை செய்தார்கள். வேலை நின்றுவிட்டதா? இல்லை. பிறகு, பல கம்பெனிகள் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. நேரில் கூடிப் பேச வேண்டிய வேலைகள் உண்டு, சரி. 5 நாளும் கூட வேண்டுமா? வாரத்தில் 2 நாள் வீட்டில் இருந்து வேலை செய்ய விட்டால், ஆண்டுக்கு 16 நாள் மிச்சம் ஆகும். மற்ற நாட்களில் எல்லோரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லாமல், முன்னும் பின்னுமாக வரச் சொல்லலாம். ரோட்டின் பாரமும் குறையும்.

ரெயில் வசதி பெருக வேண்டும். சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ம் ஆண்டு முதல் மின்சார ரெயில் ஓடுகிறது. ரெயிலிலும் கூட்டம் உண்டு, இடிபாடு உண்டு. ஆனாலும் அதில் எழுந்து நிற்கலாம். உட்கார இடம் கிடைத்தால் கண்ணை மூடலாம். கார் ஓட்டுகிறவர் கண்ணை மூட முடியுமா? மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ ரெயில் பாதை அமைக்கும் வேலை நடந்து வருகிறது. அது முடிந்ததும், காரை வீட்டில் விட்டுவிட மனம் வர வேண்டும்.

அதுவரை என்ன செய்வது? இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக் கொள்ளலாம். நடு வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் 5 நிமிஷம் இறங்கி நடக்கலாம். வெளிக்காற்று உள்ளே வரும்படி அவ்வப்போது திருப்பி வைக்கலாம். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், உடனே கதவைத் தட்ட வேண்டாம். 2 நிமிஷம் சும்மா நின்று, கோபத்தைத் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே போகலாம்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கேட்கிறார்:

"உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?"

குழந்தை யோசிக்கவே இல்லை.

"கார் ஓட்டுகிறார், டீச்சர்!"

குழந்தை சொன்னதிலும் தப்பு இல்லை. அதற்குத் தெரிந்த அப்பா அவர்தான். அந்த 41 நாளில் பாதியையாவது குழந்தைக்குத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு வேறு பதில் சொல்லும்.