மாரியோ இன்னும் ஓடுவானா?



பதினொரு வயது மகனைப் பற்றிக் கவலைப்பட்டுச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் கைபேசி விளையாட்டை விட்டு எழுந்திருக்க மறுக்கிறானாம். அவனுடைய வாப்பா வெளிநாட்டிலிருந்து வரும்போது, பழைய வீடியோ கேம்கள் அடங்கிய சிறு பெட்டியொன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறாராம். அதில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இருக்கிறது. "நாற்பது ஆண்டுப் பழைய ஆட்டம் இன்றைய பிள்ளைக்குப் பிடிக்குமா, அல்லது காசைக் கொட்டி மூலையில் போடுவதற்கு ஒரு பொருளா?" என்பது அவர் கேள்வி.

இதைப் போய் மதரஸா ஆசிரியரிடம் கேட்பதா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். பிள்ளைகளோடு நாள்தோறும் உட்கார்ந்து எழுபவனுக்கு அவர்களுடைய விளையாட்டும் ஒரு பாடந்தான். அவர்கள் எதில் மனம் ஒன்றுகிறார்கள், எதில் சலிக்கிறார்கள் என்பது தெரியாமல் எதைக் கற்பிப்பது?

1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், 1985 செப்டம்பர் 13ஆம் நாள் இந்த ஆட்டத்தை வெளியிட்டது. சிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுக்காவும் வடிவமைத்தார்கள். இசை கோஜி கோண்டோவினுடையது. ஆட்டம் முழுவதும் அடங்கிய கேசட்டின் கொள்ளளவு வெறும் 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் அதைப்போல் பன்மடங்கு இடத்தை விழுங்கும். அந்த நெருக்கடியில் அவர்கள் காட்டிய சிக்கனம் அலாதியானது. வானத்து வெண்மேகத்தையும் தரையிலுள்ள பச்சைப் புதரையும் உற்றுப் பாருங்கள்: இரண்டும் ஒரே படம், நிறம்தான் வேறு. ஒரே அச்சில் இருவகைப் பலகாரம் செய்து விருந்தினரைச் சமாளிக்கும் இல்லத்தரசியின் சாமர்த்தியம்!

நம் ஊர்களுக்கு இது 1990களில், பெரும்பாலும் போலிப் பெட்டிகளின் வழியே, 'டி.வி. கேம்' என்னும் பெயரில் வந்து சேர்ந்தது. இன்று நாற்பதைத் தாண்டிய பலர் அப்போது அதை ஆடியவர்கள். ஆகவே, 'பழைய நினைவால் புகழ்கிறார்கள்' என்ற ஐயம் எழுவது இயல்பே. நினைவை ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்ப்போம்.

முதல் திரையில் மாரியோ இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் வெட்டவெளி. 'வலப்புறம் போ' என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் முதன்முறை ஆடும் பிள்ளையும் அவ்வழியே போகிறது. எதிரே கேள்விக்குறி இட்ட பெட்டி பளிச்சிடுகிறது. கூம்பா என்னும் பழுப்புநிறச் சிறு பகைவன் எதிர்த்து வருகிறான். சும்மா நின்றால் அவன் மோதி, உயிர் ஒன்று போகிறது. போனால் என்ன? நடந்த தூரம் பத்தடிகூட இல்லை, மறுபடி தொடங்கலாம். குதித்தால் அவனைத் தாண்டலாம், அல்லது மிதிக்கலாம். பெட்டியை முட்டினால் நாணயம். மற்றொரு பெட்டியை முட்டினால் காளான் ஒன்று வெளிப்பட்டு வலப்புறமாக ஓடி, குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. சற்றுமுன் கூம்பாவிடம் அடிபட்ட பிள்ளை இதையும் பகையென அஞ்சிக் குதிக்கிறது. தலைக்கு மேலுள்ள கட்டிகளோ குதிக்க இடம் கொடுக்காமல் கீழே தள்ளிவிடுகின்றன. காளான் வந்து ஒட்டுகிறது, மாரியோ பெரியவனாகிறான்! அஞ்சியது நன்மையாக முடிந்தது. இவ்வேற்பாடு தற்செயலன்று என்பதை 2015இல் ஒரு நேர்காணலில் மியாமோட்டோவே விளக்கியிருக்கிறார்.

அதே கட்டத்தின் பிற்பகுதியில், எதிரெதிரே இரு படிக்கட்டுகள் வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டும். தவறி விழுந்தால் கீழே தரை இருக்கிறது. ஏறி வந்து மறுபடி முயலலாம். சற்றுத் தள்ளி அதேபோன்ற மற்றொரு இணை. இம்முறை நடுவே தரையில்லை, பள்ளம். சிலேட்டில் எழுதி அழித்துப் பழகிய பின்னரே பிள்ளையின் கையில் தாளைக் கொடுக்கிறோமல்லவா? அதே முறைதான். ஒரு சொல்லும் பேசாமல் இவ்வளவு ஒழுங்காகப் பாடம் நடத்தும் நூல்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பெருமூச்சு விட்டதுண்டு.

அடுத்தது, மாரியோவின் அசைவு. பொத்தானை விட்டவுடன் அவன் மரம்போல் நிற்பதில்லை. ஓடிய வேகத்திற்கேற்பச் சறுக்கி நிற்கிறான். லேசாக அழுத்தினால் சிறு குதி, நீள அழுத்தினால் பெருங்குதி. அந்தரத்தில் இருக்கும்போதும் ஓரளவு திருப்பலாம். ஆகவே பள்ளத்தில் விழுந்த பிள்ளை பெட்டியைப் பழிப்பதில்லை. 'சீக்கிரம் குதித்துவிட்டேன்' என்கிறது. தோற்றவனுக்குத் தோல்வியின் காரணம் விளங்கிவிட்டால் அவன் மறுபடியும் வருவான். நாற்பதாண்டு கடந்தும் ஆட்டம் நிலைத்திருப்பதன் இரகசியம் இதுவே என்பது என் துணிபு.

எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. திரை முன்னோக்கியே நகரும்; திரையை விட்டு மறைந்த இடத்திற்கு ஓரடியும் திரும்ப முடியாது. எட்டு உலகங்கள், உலகத்திற்கு நான்கு என 32 கட்டங்கள். இடையில் நிறுத்திச் சேமித்து வைக்க மூல ஆட்டத்தில் வழியில்லை. உயிர்கள் தீர்ந்தால், இரகசியப் பொத்தான் வழி தெரியாதவர் முதற்படிக்கே போக வேண்டும். மாலை முழுதும் போராடி ஏழாம் உலகம் வந்த பிள்ளைக்கு இது தண்டனையேயன்றிப் பாடமன்று. நான்காம், ஏழாம் உலகங்களின் கோட்டைகள் இன்னும் மோசம். சரியான பாதையில் போகாவிட்டால் வந்த வழியே மீண்டும் மீண்டும் வரும். எது சரியென்பதற்குக் குறிப்பே கிடையாது. முதல் திரையில் அவ்வளவு நேர்மையாய் நடந்த ஆசான், அங்கே விடுகதை போட்டுவிட்டு நழுவிவிடுகிறார். கோட்டைதோறும் காத்திருக்கும் எதிரியும் ஏறக்குறைய ஒருவனே.

சேமிக்கும் குறை பின்னாளில் தீர்ந்துவிட்டது. 2018 முதல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் சந்தா வழியாக ஆடுவோர், விரும்பிய இடத்தில் நிறுத்தி வைக்கலாம். ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டித் தவற்றை அழிக்கும் வசதியும் பிறகு வந்தது. முன்னதைப் பயன்படுத்தட்டும், பின்னதைத் தொடாதிருப்பது நல்லது. விழுந்ததே இல்லையென்று ஆக்கிவிட்டால் தாண்டியதில் என்ன மகிழ்ச்சி?

இதே நிறுவனம் கைபேசிக்கென 2016இல் 'சூப்பர் மாரியோ ரன்' வெளியிட்டது. அதில் மாரியோ தானே ஓடுவான். நாம் திரையைத் தொட்டுக் குதிக்க வைத்தால் போதும். ஒருமுறை காசு கட்டினால் முழு ஆட்டமும் கிடைக்கும் என்ற மட்டில் நேர்மையானதே. ஆனால் நிற்கவும் தயங்கவும் எண்ணிப் பார்க்கவும் பிள்ளைக்கு அங்கே இடம் குறைவு.

சகோதரியே! உங்கள் மகன் எழுந்திருக்க மறுப்பதற்கு அவனை மட்டும் குறை சொல்லாதீர்கள். கைபேசியின் பல ஆட்டங்களுக்கு முடிவு என்பதே இல்லை. இன்று வந்தால் ஒரு பரிசு, நாளை வராவிட்டால் அது இல்லை, விரைந்து முன்னேறக் காசு என்று அவை பின்னப்பட்டிருக்கின்றன. மாரியோவுக்கு முடிவு உண்டு. இளவரசியை மீட்டால் ஆட்டம் தீர்ந்தது. மேலே கடிகாரம் வேறு, முதல் கட்டத்தில் 400லிருந்து, இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் ஓட்டம் நம் நொடியைவிட விரைவானது. 'இந்தக் கட்டம் முடிந்ததும் எழுந்துவிடு' என்று உம்மா சொன்னால், அந்தச் சொல்லுக்கு இங்கே பொருள் இருக்கிறது. ஒரு கட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆகவே, வாங்கி வரச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் 'படமே நன்றாயில்லை' என்று உதட்டைப் பிதுக்குவான், பொருட்படுத்த வேண்டாம். அவனுக்குத் தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருவர் ஆடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உயிர் இழந்ததும் அடுத்தவர் முறை. அதுவரை மற்றவர் காத்திருந்து பார்க்க வேண்டும். சண்டை வரும். வாப்பாவும் ஊரிலிருக்கும் நாட்களில் ஒரு முறை வாங்கி ஆடட்டும். 1990களில் ஆடியவராயிருந்தால் விரல்கள் மறந்திரா.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள். முதல் உலகத்தின் இரண்டாம் கட்டம் தரைக்கடியில் நடப்பது. அதன் இறுதியில் கூரைக்கு மேல் ஏறி ஓட ஒரு வழியுண்டு. அப்பால் மூன்று குழாய்கள் இருக்கின்றன. அவை எங்கே கொண்டுபோகும் என்பதை மகனிடம் அவர் சொல்லிவிட வேண்டாம். நானும் இங்கே எழுதப்போவதில்லை.