படகு வாங்கலையோ படகு!

'நாலு பேர் பாக்கெட் மணியைப் போட்டு பழைய ஃபைபர் படகு ஒண்ணு வாங்கினா, வைகை அணையில வாரா வாரம் ஜாலி'னு ஹாஸ்டல் மாடியில பிளான் போடுறீங்களா? ஒரு நிமிஷம்!

முதல் கேள்வி விலை இல்ல, 'எங்கே விடுறது?' முல்லைப் பெரியாறு அணைக்குப் போய்வர, தமிழகப் பொதுப்பணித்துறை 'தமிழன்னை'னு ஒரு படகு வாங்கியது. கேரளாவின் அனுமதி கிடைக்காமல், வருஷக்கணக்கில் தேக்கடியில் ஓடாமலே நின்றது. கவர்மென்ட்டுக்கே அந்தக் கதி. அணைத் தண்ணியில நாம நெனச்சபடி இறங்க முடியுமா? முதல்ல பெர்மிஷன், அப்புறம் அட்வான்ஸ்!

அனுமதி கிடைச்சா, படகைக் கரைக்கு ஏத்தச் சொல்லி அடிப்பாகத்தைப் பாருங்க. தட்டினா எல்லா இடமும் ஒரே மாதிரி 'டொக்'னு கேக்கணும். ஒரு இடத்துல 'பொத்'னு கேட்டா, உள்ளே தண்ணி இறங்கியிருக்கலாம். புது பெயின்ட்டா? டபுள் உஷார்! இன்ஜின் சூடா இருந்தா, ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. பதிவு, தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் பேப்பர்களையும் கேளுங்க.

கடைசியா, லைஃப் ஜாக்கெட். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. அது பழைய படகுகூட இல்ல, புதுசு! பயணிகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கல.

அதனால, பட்ஜெட்டில் படகுக்கு முன்னாடி ஜாக்கெட்டை எழுதுங்க. மூணு வாங்கத்தான் காசு இருக்கா? மூணு பேர் மட்டும் ஏறுங்க. நாலாவது ஆள் கரையில நின்னு போட்டோ எடுக்கட்டும்!